திரும்பி வந்த கோப்பை

பிறநாட்டு நகரம் ஒன்றுக்குச் செல்லும் பயணி அங்குள்ள கோபுரங்களையும் அரண்மனைகளையும் கண்டு திரும்பியதும் அந்நகரத்தை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்ளுதல் இயல்பு. கோபுரம் யாரையும் எதுவும் கேட்பதில்லை. அண்ணாந்து பார்ப்பவன் என்ன மொழி பேசுகிறான், எதை உண்பான், எதை உண்ணான் என்று அது உசாவுவதில்லை. பசி எடுத்ததும் அந்தச் சுதந்திரம் முடிந்துவிடுகிறது. முன்பின் அறியாத ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவேண்டும். தெரியாத மொழியில் ஒன்றைக் கேட்கவேண்டும். கண்ணிற் படாத ஒருவர் சமைத்து அனுப்பியதை நம்பி வாயில் இடவேண்டும். அந்நியன் ஒருவனை ஒரு நகரம் உண்மையிலே சோதிக்கும் இடம் அதன் உணவுச்சாலைதான்.

சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் நான் பாரிஸ் மாநகரில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். வடமராட்சியிலே 34 ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன் நான். என் தமக்கையின் மகன் 1999ஆம் ஆண்டு முதல் பாரிசில் வாழ்கிறான். நகரின் வடக்கே, எம்மவர் பலர் குடியிருக்கும் லா கூர்னெவ் என்னும் புறநகரில் அவன் வீடு. மருமகன் ஒரு பிரெஞ்சு உணவுச்சாலையில் வேலை செய்கிறான் என்பதை ஊரில் எல்லோரும் அறிவர். என்ன வேலை என்பதை ஒருவரும் அறியார். தொலைபேசியில், "ரெஸ்ரோறண்டிலை வேலை, சுகமாய் இருக்கிறன்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். தமக்கை அதனைச் சற்று விரித்து, "மனேச்சர் மாதிரித்தான்" என்று அயலவர்க்குச் சொல்வாள். நானும் அதனை மறுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், கேட்டறிய விரும்பியதுமில்லை.

மூடிய குசினி

நான் அங்கே போய்ச் சேர்ந்த நான்காம் நாள். மருமகன் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டான். புகையிரதம் ஏறி நான் தனியே நகருக்குச் சென்றேன். 2019ஆம் ஆண்டிலே தீப்பற்றி, ஐந்து ஆண்டுக் காலத் திருத்த வேலைகளின் பின் 2024 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நொத்ர தாம் தேவாலயத்தைச் சுற்றிப் பார்த்து வெளியே வந்தபோது மணி மூன்று. நல்ல பசி. செயின் நதியின் இடக்கரையில் முதலிற் கண்ட உணவுச்சாலையுள் நுழைந்தேன். மேசைகள் இருந்தன, கதிரைகள் இருந்தன, ஆட்களும் இருந்தனர். சாப்பாடு மட்டும் இல்லை. "குசினி மூடியாயிற்று" என்று ஆங்கிலத்திற் சொன்னார் ஒருவர். அடுத்த கடையிலும் அதே மறுமொழி.

எந்த நேரத்திற் போனாலும் ஒரு வடையாவது கிடைக்கும் ஊரிலே வளர்ந்தவனுக்கு இது விளங்கவில்லை. பாரிசின் மரபான உணவுச்சாலைகளிற் பெரும்பாலானவை நண்பகல் தொடக்கம் இரண்டு, இரண்டரை மணி வரையும், பின்னர் மாலை ஏழு மணிக்கு மேலும் மாத்திரமே சமைத்துக் கொடுக்கும். இடைப்பட்ட நேரத்திற் பசிப்பது பயணியின் குற்றமேயன்றிக் கடையின் குற்றமன்று.

ஆற்றங்கரை வாங்கு ஒன்றில் ஏழு மணி வரை இருந்துவிட்டு, வேறொரு தெருவில் இருந்த ஓர் உணவுச்சாலைக்குப் போனேன். அங்கே நான் செய்த பிழைகளை முறையாகவே சொல்லிவிடுகிறேன். பின்னே செல்பவர்க்கு உதவும்.

உள்ளே சென்றதும் ஒன்றும் பேசாமல் யன்னலோரத்து மேசையில் நானே போய் அமர்ந்துகொண்டேன். அது முதற் பிழை. பிரெஞ்சுக்காரர் கடைக்குள் நுழைந்ததும் "பொன்ஷூர்" என்று வணக்கம் சொல்லுவர். மாலையானால் "பொன்சுவார்" என்பர். இடம் காட்டும்வரை நிற்பர். வணக்கம் சொல்லாது நுழைபவன் பிறர் வீட்டுக்குள் செருப்போடு நுழைபவனை ஒப்பான். பரிமாறுபவர் வந்து தண்ணீரைப் பற்றி ஏதோ கேட்டார். தலையசைத்தேன். போத்தல் தண்ணீர் வந்தது. அது ஐந்து யூரோ என்பது பின்னரே தெரிந்தது. உணவோடு மேசைக்கு வரும் பாணுக்கும், கேட்டால் கொடுக்கும் குழாய்த்தண்ணீர்க் குடுவைக்கும் தனிக்காசு வாங்கலாகாது என்பது அந்நாட்டு விதி. ஆனால் கேட்கத் தெரியவேண்டும். கேட்கத் தெரியாதவனுக்குத் தண்ணீரும் விலைக்குத்தான் வரும்.

ஓர் எழுத்து

உணவுப் பட்டியல் வந்தது. "மெனு" என்ற சொல்லை நாம் பட்டியல் என்ற பொருளில் வழங்குகிறோம். அங்கே அச்சொல் பெரும்பாலும் ஒரே விலைக்கு இரண்டு மூன்று வகை அடங்கிய சாப்பாட்டைக் குறிக்கும். பட்டியலுக்குக் "கார்த்" என்று பெயர். இதுவும் பின்னர் அறிந்ததே. அப்போது என் முன் இருந்தது விளங்காத சொற்களாலான ஒரு நீண்ட தாள். ஆங்கிலத்தை அரணாகக் கொண்டு ஒவ்வொரு வரியாக இறங்கினேன். நடுப்பகுதியில் ஆர், ஐ, எஸ் என்னும் மூன்று எழுத்துக்களைக் கண்டேன். அகம் மலர்ந்தது. அரிசி! ஆங்கிலச் சொல்லின் கடை எழுத்துக்கள் பிரெஞ்சிலே தேய்ந்து இப்படி ஆகியிருக்கும் என்று என் மொழியறிவு முடிவு செய்தது. அடுத்திருந்த "டு வோ" என்பது, யாழ்ப்பாணப் புகையிலை என்பதுபோல, அரிசி விளையும் ஓர் ஊரின் பெயராயிருக்கலாம் என்று உரையும் கண்டேன். விலை 38 யூரோ. ரூபாவிற் பெருக்கிப் பார்க்க மனம் துணியவில்லை. எனினும் அந்நிய தேசத்திலே சோற்றைக் கண்ட மகிழ்ச்சியில் விரலை வைத்துக் காட்டினேன்.

வந்தது சோறன்று. வெண்ணெயில் வதக்கிப் பொன்னிறமான உருண்டைகள் சில, காளான் கலந்த பாலாடைக் குழம்பில் மிதந்தன. என்னவென்று கேட்டேன். பரிமாறுபவர் ஆங்கிலத்திற் சொல் அகப்படாமல், தம் கழுத்தின் அடியில் விரலை வைத்துக் காட்டி, "மாட்டின் குழந்தை" என்றார். கன்றின் கழுத்துச் சுரப்பி! பிரெஞ்சுச் சமையலில் மிக உயர்வாகப் போற்றப்படும் பண்டங்களுள் அது ஒன்று. நான் மீனும் கோழியும் உண்பவன், மாட்டிறைச்சி உண்ணாதவன். கத்தியையும் முட்கரண்டியையும் கோப்பையின் இரு பக்கமும் அப்படியே விட்டுவிட்டுப் பாணை மாத்திரம் பிய்த்துத் தின்றேன். சிறிது நேரத்தில் அவர் வந்து பார்த்து, "நன்றாயில்லையா?" என்று கேட்டார். "மிக நன்று" என்றேன். அவர் ஒரு கணம் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அதனை எடுத்துச் சென்றார்.

பின்னர் ஒருவரும் வரவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். உணவை ஒதுக்கியதற்காக என்னைத் தண்டிக்கிறார்களோ என்று அஞ்சினேன். உண்மை அதற்கு நேர்மாறு. கேட்குமுன் கணக்குச் சீட்டைக் கொண்டுவந்து வைப்பது "எழுந்து போ" என்பதற்குச் சமம் என்று அங்கே கருதுவர். மேசை அன்றிரவு என்னுடையது. நான் விரும்பும்வரை இருக்கலாம் என்பதே அந்த மௌனத்தின் பொருள். மரியாதையை அவமதிப்பாக எண்ணி வியர்த்துக்கொண்டிருந்தவன் உலகில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முழுகுபவன்

மருமகன் நள்ளிரவு கழிந்து வீட்டுக்கு வந்தான். நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"மாமா, சோறெண்டால் கடைசி எழுத்து 'செட்'. நீங்கள் பார்த்தது 'எஸ்'. சொல்லேக்கை ரெண்டும் ஒண்டுதான், 'றீ'. எழுத்திலைதான் வித்தியாசம்."

ரகர றகரங்களை மயங்கி எழுதிய பிள்ளைகளின் கொப்பிகளில் 34 ஆண்டுகளாகச் சிவப்பு மையாற் கோடிட்டு வந்த எனக்கு இந்தத் தண்டனை தகும் என்று நானும் சிரித்தேன். கோப்பை தொடப்படாமலே திரும்பிப் போனதைச் சொன்னபோது மாத்திரம் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"முழுசாய்த் திரும்பி வந்ததோ? அப்பிடியெண்டால் குசினியிலை ஒருத்தரும் கதைச்சிருக்காயினம், மாமா. ஷெப் வந்து ஒரு துண்டு கிள்ளி வாயிலை வைச்சுப் பார்த்திருப்பார். உப்புக் கூடிப்போச்சோ, வேகேல்லையோ எண்டு. ஒரு பிழையும் இல்லையெண்டால் இன்னும் கரைச்சல். ஆரிலை பிழையெண்டு தெரியாது. பிறகு கோப்பை என்னட்டை வரும்."

"உன்னட்டையோ?"

"அஞ்சு வருஷம் நான் பிளோன்ஷர், மாமா. கோப்பை கழுவுறவன்."

இதனை அவன் எவ்வித வருத்தமும் இன்றிச் சொன்னான். இப்போது அவன் அந்தக் கடையில் மீன் சமைக்கும் பகுதிக்குப் பொறுப்பாளன். ஆயினும் தொடங்கியது கழுவும் தொட்டியடியில். காலை பத்து மணிக்கு நின்றால் மூன்று மணி. மறுபடி ஆறு மணிக்கு நின்றால் நள்ளிரவு. கொதிநீர், சவர்க்காரம், வெட்டும் கண்ணாடி, காயாத கைகள். திரும்பி வரும் கோப்பைகளைப் பார்த்தே யார் யார் வந்திருந்தனர் என்று சொல்லக் கற்றுக்கொண்டானாம். அவசரக்காரரின் கோப்பை ஒருவகை. சண்டையிட்டுக்கொண்டு உண்ட இருவரின் கோப்பைகள் இன்னொருவகை. குழம்பைப் பாணால் துடைத்து உண்டவரின் கோப்பை கழுவாமலே மினுங்கும். விடைத்தாள்களைப் பார்த்து மாணாக்கரை அறிவதாகப் பெருமை கொண்டிருந்த எனக்கு அவன் சொன்னது புதிதாகத் தோன்றவில்லை.

பிளோன்ஷர் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நேர்ப்பொருள் "நீரில் முழுகுபவன்" என்பது. நம் மன்னார்க் கடலிலே முத்துக்காக முழுகியோரை நினைத்துக்கொண்டேன். அவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பிறர் கழுத்துக்காகவே முழுகினர். பிற்காலத்திற் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1929ஆம் ஆண்டிலே பாரிசில் இந்தத் தொழிலைச் செய்தவர். பளபளக்கும் உணவுக் கூடத்துக்கும் வெக்கையும் அழுக்கும் நிறைந்த நிலவறைக் குசினிக்கும் இடையே ஒரு கதவுதான் உண்டு என்பதை 1933இல் வெளிவந்த தமது நூலில் அவர் உலகுக்குக் காட்டினார். கருவிகளும் விதிகளும் அதன் பின் எவ்வளவோ மாறிவிட்டன. கதவு மாறவில்லை.

"ஏன் இதை ஊரிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"தங்கச்சியின்ரை கலியாணம் கோப்பை கழுவின காசிலை நடந்தது எண்டு சனம் கதைக்கும் எண்டு அம்மா பயப்பிடுவா." பிறகு, சற்றுத் தயங்கி, சிரித்துக்கொண்டே சொன்னான்: "நீங்களும் வகுப்பிலை சொல்லுவியள்தானே, மாமா. 'படியாட்டில் கோப்பை கழுவத்தான் போவாய்' எண்டு."

சொல்லியிருக்கிறேன். எத்தனை வகுப்பில், எத்தனை ஆண்டு, எத்தனை பிள்ளைகளைப் பார்த்து! அவன் என் வகுப்பிலே மூன்றாம் வாங்கில் இருந்தவன். தான் உண்ட கோப்பையைத் தானே கழுவுவது ஒழுக்கம் என்று காலையிற் போதித்துவிட்டு, பிறர் உண்டதைக் கழுவுவது இழிவு என்று மாலையிற் போதித்த ஆசிரியன் நான். அவனுக்கு மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அந்நியனுக்காகப் பிறந்த கடை

ஆசிரியன் வெட்கப்பட்டால் புத்தகத்தைத் தேடுவான். அடுத்த சில நாட்களில் உணவுச்சாலை என்னும் அமைப்பின் வரலாற்றைப் படித்தேன்.

"ரெஸ்தோரான்" என்பது முதலிலே கடையின் பெயரன்று. தேற்றுவது, மீள வலுவூட்டுவது என்பது அதன் பொருள். நம்மூரிற் காய்ச்சற்காரருக்கு மல்லியும் மிளகும் இட்டு இரசம் வைத்துக் கொடுப்பதுபோல, உடல் நலிந்தோர்க்கென இறைச்சியைக் காய்ச்சி எடுத்த சாற்றுக்கே அப்பெயர் வழங்கிற்று. 1760களிலே பாரிசில் அந்தச் சாற்றை விற்கும் கடைகள் தோன்றின. ரோஸ் த சாந்துவாசோ என்பவரை அவற்றின் முன்னோடியாக வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். சாற்றின் பெயர் கடைக்கு ஆகிவந்தது. கடையின் பெயர் உலகெங்கும் பரவிற்று.

அதற்கு முன்னர் வெளியூரான் உண்ண விரும்பினால் விடுதிகளிற் பொதுமேசைதான் கதி. குறித்த நேரத்துக்குப் போகவேண்டும்; வைப்பதை உண்ணவேண்டும்; நல்ல துண்டுகள் நாளாந்தம் வருவோர்க்கே கிடைக்கும். 1825ஆம் ஆண்டின் இறுதியில் உணவின் சுவை பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை வெளியிட்ட நீதிபதி பிரியா-சவரேன், 1770ஆம் ஆண்டளவிற்கூட அந்நியர்க்குப் பாரிசிலே நல்ல உணவு கிடைத்தல் அரிதாயிருந்தது என்று எழுதுகிறார். புதிய கடைகள் மூன்று மாற்றங்களைச் செய்தன. ஒவ்வொருவர்க்கும் தனி மேசை. விரும்பிய நேரத்தில் உணவு. உண்ணுமுன் விலையை அறியப் பட்டியல். 1789ஆம் ஆண்டுப் புரட்சியின் பின், பிரபுக்களின் வீடுகளிலே வேலை இழந்த சமையற்காரர் பலர் கடை வைத்தனர். 1791இல் தொழிற்குழுக்களின் தனியுரிமைகளும் ஒழிக்கப்பட்டன. அரண்மனைச் சமையல் தெருவுக்கு இறங்கி வந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டூவால் என்னும் இறைச்சி வணிகர், உழைப்பாளிகளுக்காக மலிவான "புய்யோன்" கடைகளைத் தொடங்கினார். 1896இல் திறக்கப்பட்ட சார்த்தியே என்னும் புய்யோன் இன்றும் நடக்கிறது. அங்கே பரிமாறுபவர் மேசையிலே விரித்த கடதாசியிலேயே கணக்கை எழுதிக் கூட்டிக் காட்டுவார். நாள்தோறும் வருவோர் தம் கைத்துணியை வைத்துச் செல்லும் இலக்கமிட்ட இழுப்பறைகள் சுவரில் இன்னும் இருக்கின்றன. பின்னொரு நாள் நான் அங்கே சென்று கோழி வறுவல் உண்டு, கடதாசிக் கணக்கைச் சரிபார்த்து மகிழ்ந்தேன்.

இவ்வளவும் படித்தபின் ஒன்று தெளிந்தது. உணவுச்சாலையால் மிகுதியாக நன்மையடைந்தவன் அந்நியனே. அவன் பேரம் பேசவேண்டியதில்லை, உறவு சொல்லவேண்டியதில்லை, கேட்டால் கிடைக்கும். ஆனால் அதே அமைப்புத்தான், சமைப்பவர் யார் என்று உண்பவன் அறியாதபடியும் செய்துவிட்டது. பொதுமேசையிலே விடுதிக்காரரும் கூட இருந்து உண்டதுண்டு. தனி மேசை வந்தபோது உள்ளே இருப்பவன் மறைந்தான். அப்படி மறைந்துபோன அந்நியர்களில் ஒருவன் என் மருமகன்.

அவன் மட்டுமா? 1983ஆம் ஆண்டின் பின் நாட்டை விட்டோடிப் பாரிசை அடைந்த எம் இளைஞர் பலருக்கு மொழியின்றிக் கிடைத்த முதல் வேலை இதுதான். "கார் டு நோர்" புகையிரத நிலையத்துக்குப் பின்னே லா சப்பல் பகுதியிலே முருங்கைக்காயும் இடியப்பமும் தமிழ் எழுத்தும் நிறைந்த தெருக்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். அந்தத் தெருக்களுக்கு முதல் போட்டவற்றுள் கழுவிய கோப்பைகளும் உண்டு என்று நினைப்பதில்லை. 2010ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மக்களின் விருந்துண்ணும் முறையையும், 2022இல் "பகெத்" என்னும் நீண்ட பாணைச் சுடும் கலையையும் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, 2023இல், பாரிஸ் நகரசபை நடத்தும் சிறந்த பகெத் போட்டியில் முதலிடம் பெற்றவர் இலங்கையரான தர்ஷன் செல்வராஜா. வெற்றி பெற்றவர் ஓராண்டு காலம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் வழங்குவது அப்போட்டியின் மரபு. அச்செய்தியை நம் பத்திரிகைகள் பெரிய எழுத்திற் போட்டன. நாமும் பெருமை கொண்டோம். வென்றவனைக் கொண்டாட நமக்குத் தெரியும். நிற்பவனைக் காணத்தான் தெரியவில்லை.

பாண் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பட்டியலைப் பார்த்து ஒரு சொல்லும் விளங்காமல் நான் விழித்தேனல்லவா? விளங்கவேண்டிய சொற்கள் அந்த அறையிலே நிறைய இருந்தன. நாம் "பாண்" என்பது போர்த்துக்கேயர் நமக்குத் தந்த சொல். பிரெஞ்சுக்காரர் அதனை மூக்கொலியோடு "பேன்" என்பர். நம் பாட்டிமார் அடுக்களையைக் "குசினி" என்றனர். அவர்கள் "கியூசின்" என்கின்றனர். நாம் இருப்பது "கதிரை". அவர்கள் இருப்பது "ஷேஸ்". மூன்றுக்கும் மூலம் இலத்தீன். 1619இல் யாழ்ப்பாணத்தை வென்று 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயர் வாய்வழியே அவை நம்மிடம் வந்தன. கன்றின் சுரப்பியை அரிசி என்று கண்ட என் மொழியறிவு, கண்முன்னே இருந்த உறவுகளைக் காணவில்லை. மொழியில் மட்டுமா அப்படி இருந்தேன்?

வெள்ளைத் துணியின் இப்புறம்

திங்கட்கிழமை மருமகனுக்கு ஓய்வு நாள். "இண்டைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் வெளியிலை சாப்பிடுவம், காசு நான் குடுப்பன்" என்றேன்.

"லா சப்பலுக்குப் போவம், மாமா. நல்ல கொத்துரொட்டி இருக்கு."

"இல்லைத் தம்பி. நீ வேலை செய்யிற மாதிரி ஒரு கடைக்கு."

அவன் பலவாறு மறுத்தான். விலை கூட என்றான், கொலஸ்ரோல் என்றான், உடுப்பில்லை என்றான். இறுதியில் ஒன்றைச் சொன்னான். 25 ஆண்டுகளுக்கு மேலாகப் பாரிசின் உணவுச்சாலைகளிலே நாள்தோறும் உண்டு வருபவன் அவன். வேலை தொடங்குமுன், பதினொரு மணிக்கும் ஆறு மணிக்கும், பணியாளருக்கெனச் சமைத்ததைக் குசினி மூலையிலே கால் மணி நேரத்தில் உண்பது வழக்கம். அத்தகைய கடையிலே வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருந்து அவன் ஒரு நாளும் உண்டதில்லை. யாரும் தடுத்ததில்லை. காசும் இல்லாமற் போனதில்லை. கால் போகவில்லை, அவ்வளவுதான்.

கடை வாசலில் நின்றுவிட்டான். "பின் கதவாலை போய்ப் பழகின கால், மாமா" என்றான்.

நான் முன்னே சென்று "பொன்ஷூர்" என்றேன். இம்முறை இடம் காட்டும்வரை நின்றேன். பரிமாற வந்தவர் வெள்ளை மேலங்கி கட்டிய நடுவயதினர். மருமகனைப் பார்த்து, "மிசியே, எத்தனை பேர்?" என்றார். ஐயா என்பது போன்ற சொல் அது. முற்காலத்திற் பரிமாறுபவரைக் "கார்சோன்", அதாவது பையன், என்று அழைப்பராம். இன்று அவரையும் மிசியே என்றே அழைக்கவேண்டும். மேசைக்கு இருபுறமும் ஒரே சொல் வழங்குவது எனக்குப் பிடித்திருந்தது.

பட்டியல் வந்ததும் மருமகன் மாறிவிட்டான். அதுவரை கூனியிருந்த தோள்கள் நிமிர்ந்தன. நான் எழுத்துக் கூட்டிய இடத்திலே அவன் நெருப்பையும் சட்டியையும் கண்டான். "வெங்காயச் சூப் வேண்டாம், மாமா, மாட்டெலும்பு காய்ச்சின தண்ணியிலைதான் பெரும்பாலும் வைப்பினம். லீக்ஸ் அவிச்சு வினாகிரி விட்டது நல்லம். மீன் எண்டால் இண்டைக்குத் திங்கள், முதல்லை என்ன மீன் எண்டு கேட்பம்." கேட்டான். அவர் சொன்னார். இருவரும் மீனைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினர். பரிமாறுபவரின் முகத்திலே வாடிக்கையாளர்க்குரிய புன்னகை மறைந்து, தொழிலாளி தொழிலாளியைக் கண்ட புன்னகை வந்தது. தண்ணீருக்கு மருமகன் "கராஃப் தோ" என்று குடுவை கேட்டு வாங்கினான். விலைகளிலேயே பரிமாறும் கூலியும் அடங்கியிருக்கிறது. மேலே வைப்பது நம் மனம் என்றும் சொல்லித் தந்தான்.

லீக்சுக்குப் பின் வெண்ணெயிற் பொரித்த மீன் வந்தது. கூடவே சோறும் வந்தது. கடைசி எழுத்து "செட்" உள்ள உண்மையான சோறு. மருமகன் முதல் வாய் உண்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "இதை எத்தினை ஆயிரம் தரம் செய்து வெளியிலை விட்டிருப்பன். சூட்டோடை இருந்து தின்னேக்கை இப்பிடி இருக்கும் எண்டு தெரியாது, மாமா." பின்னர் சீனிப்பாகு ஊற்றிய முட்டைப் பண்டம் ஒன்று வந்தது. நம் வட்டிலப்பத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம்.

நான் பேச நினைத்து வந்ததை அப்போது சொன்னேன். "தம்பி, அண்டைக்கு வகுப்பிலை நான் சொன்னது பிழை." அவன் தலை குனிந்து குழம்பைப் பாணால் துடைத்துக்கொண்டிருந்தான். "விடுங்கோ மாமா" என்றான். "நீங்கள் சொல்லாட்டில் நான் அஞ்சு வருஷத்திலை வெளியிலை வந்திருக்க மாட்டன்." அது உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

உண்டு முடிந்தது. பேசிக்கொண்டிருக்கையில் அவன் கைகள் தாமாகவே இயங்கின. என் கோப்பையின் மேல் தன் கோப்பையை வைத்தான். கரண்டிகளை ஒருபுறமாகச் சேர்த்தான். கண்ணாடிக் குவளைகளை ஒதுக்கினான். மேசை ஒரு கணத்திற் கழுவும் தொட்டிக்குத் தயாராகிவிட்டது. அதைக் கண்ட பரிமாறுபவர் விரைந்து வந்து, அவன் கையின் மேல் தம் கையை மெல்ல வைத்து ஏதோ சொன்னார். மருமகனின் முகம் சிவந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"விடுங்கோ மிசியே, இண்டைக்கு அது உங்கடை வேலையில்லை எண்டார்."

அவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஆடும் கதவைத் தோளால் தள்ளினார். கதவு திறந்து மூடும் இடைவெளியிலே ஆவியும் தண்ணீர் ஓசையும் ஒரு கணம் வந்து மறைந்தன. மருமகன் அக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று உள்ளே திரும்பிச் சென்ற இரு கோப்பைகளும் வெறுமையாக இருந்தன.